கழற்ற வழி வைக்காத புல்லி: ஒரு விசிறியில் பேரிங் மாற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தூள் பொருளை உலர்த்தும் ஓர் ஆலை. உலர்த்தியிலிருந்து சூடும் ஈரமும் கலந்த காற்றை இழுத்து வெளியே தள்ள அங்கே ஒரு பெரிய விசிறி ஓடுகிறது. மோட்டாரிலிருந்து நான்கு வி-பெல்ட்கள் வழியாக அதற்குச் சக்தி வருகிறது. ஷாஃப்ட்டின் ஒரு முனையில் காற்றைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர், மறுமுனையில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி. நடுவில் குழாய் போன்ற ஒரே வார்ப்பு ஹவுசிங்குக்குள் இரண்டு பேரிங்குகள், இரண்டுமே 6310. அதாவது 50 மி.மீ. துளை, 110 மி.மீ. வெளிவிட்டம், 27 மி.மீ. அகலம். இந்த அமைப்பில் புல்லி கழன்றால்தான் அந்தப் பக்கத்துக் கவர் வரும். கவர் வந்த பிறகே பேரிங் வரும். ஒரு பாகம் பிடிவாதம் பிடித்தால் மற்ற எல்லாமே அதற்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்.

விசிறி ஆலைக்கு வந்தபோது இருந்த புல்லி வேறு. சரிவான, பிளவுபட்ட உறை ஒன்றால் ஷாஃப்ட்டைக் கவ்வும் டேப்பர் புஷ் வைத்த புல்லி அது. சில ஆண்டுகளுக்கு முன் அது ஓட்டத்தில் நழுவியிருக்கிறது. அதே சமயத்தில் விசிறியின் வேகத்தையும் மாற்ற வேண்டியிருந்ததால், வார்ப்பிரும்பில் ஒரே துண்டாகக் கடைந்த புல்லி ஒன்றைச் செய்து போட்டார்கள். 45 மி.மீ. துளை, புல்லி ஷாஃப்ட்டின் மேல் தனியே சுற்றாமல் தடுக்கும் ஒரு சாவி (காடியில் உட்காரும் எஃகுக் கட்டை), சாவிக்குப் பக்கவாட்டில் ஷாஃப்ட்டை நேராக அழுத்தும் தலையில்லாத ஒரு கிரப் ஸ்க்ரூ. 'இனி நழுவாது' என்று பராமரிப்புக் குறிப்பேட்டில் எழுதியிருந்தது. அந்த வாக்கியம் உண்மைதான், அந்தப் புல்லி ஒருநாளும் நழுவவில்லை.

முதல் அறிகுறி

புல்லிப் பக்கத்து பேரிங்கில் அதிர்வு மெல்ல மெல்ல ஏறியது. அப்புறம் காதுக்கே கேட்கும் அளவுக்குக் கரகரப்பு வந்தது. பேரிங் உடைந்து ஷாஃப்ட்டைக் கெடுப்பதற்கு முன்பே மாற்றிவிடலாம் என்று பராமரிப்புப் பொறுப்பாளர் முடிவு செய்தார். சரியான முடிவு. புது பேரிங், கிரீஸ், சீல், பெல்ட் எல்லாம் முன்கூட்டியே எடுத்து வைக்கப்பட்டன. ஒரே ஷிஃப்டில் முடியும் என்ற கணக்கில் நிறுத்தம் கேட்கப்பட்டது.

அந்தக் கணக்கு பேரிங் மாற்றும் நேரத்தை மட்டும் பார்த்தது. பேரிங்கைச் சென்றடைய எவ்வளவு நேரமாகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லத் தகவல் இல்லை. இந்தப் புல்லியைப் போட்ட பிறகு யாரும் அதைக் கழற்றிப் பார்த்ததில்லை.

நிறுத்தத்தின்போது நடந்தது

மின்சாரம் துண்டித்துப் பூட்டுப் போட்டார்கள். காற்றோட்டத்தில் இம்பெல்லர் தானாகச் சுற்றாமல் இருக்கக் கட்டை கொடுத்தார்கள். முதல் தடங்கல் பெல்ட்டுகளை மூடிய பாதுகாப்புக் கூடான பெல்ட் கார்டிலேயே வந்தது. அதன் போல்ட், நட் இரண்டும் ஒரே ரக ஸ்டெயின்லெஸ் எஃகு. திறக்கும்போது பாதியில் மரைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொண்டன. ஸ்டெயின்லெஸ்ஸில் இது துருவால் வருவதல்ல. அழுத்தத்தில் உரசும்போது மேற்பரப்பின் மெல்லிய காப்புப் படலம் கிழிந்து, உலோகம் உலோகத்தோடு ஒட்டிவிடுகிறது. சிலவற்றை வெட்டித்தான் எடுத்தார்கள்.

இம்பெல்லர் பக்கம் வேலை அழகாக நடந்தது. விசிறியைச் செய்தவர்கள் ஹப்பில் (ஷாஃப்ட்டைச் சூழ்ந்து உட்காரும் நடுப்பகுதி) எதிரெதிராக இரண்டு மரைத் துளைகள் விட்டிருந்தார்கள். ஷாஃப்ட் முனையின் நடுவிலும் ஒரு மரைத் துளை இருந்தது. ஒரு பட்டைத் தகடு, இரண்டு நீள போல்ட், நடுவில் ஒரு தள்ளு போல்ட்; இம்பெல்லர் சத்தமில்லாமல் நகர்ந்து வந்துவிட்டது.

புல்லி அசையவில்லை. ஹப்பில் பிடிக்க எந்தத் துளையும் இல்லாததால், மூன்று கால் புல்லரைப் புல்லியின் வெளி விளிம்பில் மாட்டி இழுத்தார்கள். வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பையும் வளைவையும் அவ்வளவு தாங்காது. விளிம்பில் ஒரு துண்டு உடைந்து விழுந்தது. அங்கே நின்ற ஃபிட்டர் பின்னர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதி வைத்தேன்: "சார், அந்தப் பக்கம் இழுக்க ஓட்டை போட்டிருக்காங்க. இந்தப் பக்கம் பிடிக்கக்கூட இடமில்லை." இந்த ஆய்வு முழுவதற்கும் அவருடைய அந்த ஒரு வரிதான் அடிப்படை.

அடுத்து கேஸ் டார்ச். ஹப்பைச் சூடாக்கினால் விரியும் என்பது சரிதான். ஆனால் வார்ப்பிரும்பும் எஃகும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிபவை. எனவே பயன் தருவது ஹப்புக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையிலான வெப்ப வித்தியாசம் மட்டுமே. 100 டிகிரி வித்தியாசம் கிடைத்தால் 45 மி.மீ. துளை ஏறத்தாழ 50 மைக்ரான் (0.05 மி.மீ.) பெரிதாகும். அதற்கு ஹப்பைச் சுற்றிலும் பெரிய சுடரால் வேகமாகச் சூடாக்க வேண்டும். இங்கே கார்டின் பற்றவைத்த சட்டம் குறுக்கே நின்றதால், சிறிய சுடரை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நெடுநேரம் காட்ட முடிந்தது. சூடு ஷாஃப்ட்டுக்கும் பரவி இரண்டும் சேர்ந்தே விரிந்தன.

கடைசியில் கிரைண்டரால் ஹப்பைச் சாவிக்கு மேலாகக் கீறி, உளி வைத்துப் பிளந்தார்கள். புல்லி வந்தது. கூடவே ஷாஃப்ட்டில் சாவிக் காடியின் ஓரமாக ஒரு வெட்டுத் தழும்பும் விழுந்தது.

அதற்குப் பிறகும் சிக்கல் தீரவில்லை. பேரிங் கவர் ஹவுசிங்குக்குள் சொருகி உட்காரும் வகை. போல்ட்டெல்லாம் எடுத்தும் கவர் நகரவில்லை. இடுக்கில் உளியை அடித்து நெம்பினார்கள், முகம் பள்ளமானது. ஷாஃப்ட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோக ஹவுசிங்கை அதன் பெட்டிலிருந்து (அடித்தளத்திலிருந்து) தூக்க வேண்டியிருந்தது. அங்கே ஹவுசிங் இடம் மாறாமல் நிறுத்தும் உருளைக் குச்சிகளான இரண்டு டவல் பின்கள், அடிமூடிய துளைகளில், தலைப் பக்கமும் வழுவழுப்பாக. கீழிருந்து தட்ட வழியில்லை, மேலிருந்து பிடிக்கவும் வழியில்லை. அவற்றையும் துளையிட்டு அழித்தே எடுத்தார்கள். முன்பிருந்த அலைன்மென்ட் அதோடு போனது.

பேரிங்கை ஷாஃப்ட்டிலிருந்து இழுத்தபோது புல்லர் காலுக்கு உள்வளையத்தில் பிடி கிடைக்கவில்லை. வெளிவளையத்தைப் பிடித்துத்தான் இழுத்தார்கள். எப்படியும் தூக்கிப் போடும் பேரிங்தானே என்று நினைக்கலாம். எனக்கு இது உண்மையான இழப்பாகத்தான் பட்டது. வெளிவளையத்தை இழுக்கும்போது முழு விசையும் பந்துகள் வழியாகப் போய், ஓடுபாதையில் புதிய பள்ளங்களை உண்டாக்கும். பேரிங் ஏன் கெட்டது என்பது அந்த ஓடுபாதையில்தான் பதிந்திருக்கும். பழைய தடயமும் கழற்றியபோது விழுந்த காயமும் கலந்துவிட்டால் யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. இந்த பேரிங் கெட்டதற்கான காரணம் அப்படித்தான் தெரியாமலே போனது.

ஒரு ஷிஃப்ட் என்று தொடங்கிய நிறுத்தம் பல நாட்களுக்கு நீண்டது. புது ஷாஃப்ட் கடைந்து வரும்வரை உலர்த்தும் பிரிவு ஓடவில்லை. என்னை ஆய்வுக்கு அழைத்தது இந்தக் கட்டத்தில்.

கழற்றிய பாகங்களில் தெரிந்தவை

எல்லோரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: புல்லியை அளவுக்கு மீறி இறுக்கமாகக் கடைந்துவிட்டார்கள், பிரஸ் ஃபிட் மாதிரி. எனக்கும் முதலில் அதுதான் இயல்பான விளக்கமாகத் தெரிந்தது. ஆனால் ஷாஃப்ட்டின் நிறம் ஒத்துக்கொள்ளவில்லை. புல்லி உட்கார்ந்திருந்த பகுதி முழுக்கச் செம்பழுப்புத் தூள் திட்டுத்திட்டாக அப்பியிருந்தது. அதைத் துடைத்தால் அடியில் நுண்ணிய குழிகள். இறுக்கமாகப் பிடித்திருந்த இடம் இப்படி இருக்காது. கண்ணுக்குத் தெரியாத அளவில் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கும் இணைப்பில்தான் இந்தத் தூள் வரும். உரசலில் பிரியும் இரும்புத் துகள் உடனே ஆக்சைடாகிறது. ஆக்சைடான இரும்பு, தான் வந்த இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு இடத்தை அடைக்கும். அது வெளியேற வழியில்லாத மெல்லிய இடைவெளியில் நிறைந்து இறுகிவிடுகிறது.

புல்லி செய்யக் கொடுத்த வரைபடத்தைக் கோப்பில் தேடி எடுத்தோம். துளைக்கு ஸ்லைடிங் ஃபிட் என்றே எழுதியிருந்தது. கையால் தள்ளி மாட்டக்கூடிய அளவு அது. மாட்டியவர்களும் கழற்றுவது சுலபமாக இருக்கட்டும் என்றுதான் அப்படிக் கேட்டிருக்க வேண்டும். தளர்வாக வைத்ததே புல்லியைச் சிறைப்படுத்தியிருக்கிறது.

இதற்குத் துணையாக இன்னொன்றும் இருந்தது. கிரப் ஸ்க்ரூ ஷாஃப்ட்டை நேராக அழுத்திய இடத்தில் ஒரு பள்ளமும், அதைச் சுற்றி எழும்பிய பிசிர் விளிம்பும் இருந்தன. ஸ்க்ரூவைத் தளர்த்தினாலும் அந்தப் பிசிர் அங்கேயே இருக்கும். புல்லி நகர முயலும்போதெல்லாம் துளையின் சுவரில் ஆப்பு போல மாட்டும். கிரப் ஸ்க்ரூவைச் சாவியின் தலைமேல் வைத்திருந்தாலோ, அது உட்காரும் இடத்தில் ஷாஃப்ட்டைச் சற்றுத் தட்டையாக்கியிருந்தாலோ இந்தப் பிசிர் துளையைத் தொட்டிருக்காது.

பேரிங் பக்கம் பிரச்சினை எளிமையானது, ஆனால் வரைபடத்திலேயே பிறந்தது. பேரிங் சாய்ந்து நிற்கும் ஷாஃப்ட்டின் தோள் (விட்டம் பெரிதாகும் படி) 68 மி.மீ. விட்டத்தில் இருந்தது. 6310-இன் உள்வளையத்தின் வெளி விளிம்பும் ஏறத்தாழ அதே அளவுதான். உள்வளையம் முழுவதும் தோளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. பேரிங் அட்டவணைகள் இந்த பேரிங்குக்குத் தோள் குறைந்தது 61 மி.மீ. இருந்தால் போதும் என்கின்றன. தாங்குவதற்கு வேண்டியதைவிட அதிகமாகக் கொடுத்த அந்தச் சில மில்லிமீட்டர்கள், இழுக்கும் காலுக்குத் தேவையான இடத்தைத் தின்றுவிட்டன. போதாக்குறைக்கு, 50 மி.மீ. இறுக்க விட்டம் பேரிங் உட்காரும் இடத்தோடு நிற்காமல் நீண்டு போயிருந்தது. அந்த நீளம் முழுவதும் பேரிங்கை இறுக்கத்திலேயே இழுத்து வர வேண்டியிருந்தது.

விவாதம்

சந்திப்பில் முதலில் வந்த யோசனை, ஷாஃப்ட்டின் தழும்பை வெல்டிங்கால் நிரப்பிக் கடைந்துவிடலாம் என்பது. சீக்கிரம் முடியும் வழி. ஆனால் அந்த இடத்தில் பெல்ட்டின் இழுப்பால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஷாஃப்ட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைகிறது. வெல்டிங் ஓரத்திலிருந்து களைப்பு விரிசல் தொடங்கும் ஆபத்து இருந்ததால் அதை விட்டோம். புது ஷாஃப்ட் என்று ஆன பிறகு, பழையதை அப்படியே நகலெடுப்பதா, மாற்றுவதா என்பதே கேள்வி.

கொள்முதல் பிரிவிலிருந்து வந்தவர், "புல்லித் துளையை இன்னும் கொஞ்சம் லூஸா வெச்சா ஈஸியா வந்துடுமே" என்றார். பலரும் தலையசைத்தார்கள். அந்தச் செம்பழுப்புத் தூளைக் காட்டித்தான் இதற்குப் பதில் சொல்ல முடிந்தது. அசையும் இணைப்பு துருவில் இறுகும். சுலபமாகக் கழல வேண்டுமென்றால், ஓடும்போது துளியும் அசையாமல் பிடித்து, கழற்றும்போது நாம் கொடுக்கும் விசையால் முழுதாக விடும் பிடி வேண்டும். பிடிப்பதும் விடுவதும் தனித்தனியாக வடிவமைக்க வேண்டிய இரண்டு வேலைகள்.

பட்டறையில் தினமும் கையாளும் பொருளிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. டிரில் மெஷினில் இருக்கும் மோர்ஸ் டேப்பர் ஏறத்தாழ 20-க்கு 1 என்ற மெல்லிய சரிவு. தட்டி ஏற்றினால் உராய்வே பிடித்துக்கொள்ளும், தானாக விழாது. அதனால்தான் ஸ்பிண்டிலின் பக்கவாட்டில் ஒரு காடி விட்டிருக்கிறார்கள், ஆப்புத் தகட்டைச் செருகித் தட்டி இறக்க. மில்லிங் மெஷினின் டேப்பர் 24-க்கு 7, மிகவும் செங்குத்தான சரிவு. அது தானாகப் பிடிக்காது, பின்னாலிருந்து ஒரு கம்பி இழுத்துப் பிடிக்க வேண்டும். கம்பியைத் தளர்த்தினால் விட்டுவிடும். இரண்டிலும் கழற்றும் வழி பொருத்தும் வழியோடு சேர்ந்தே பிறந்திருக்கிறது. நம்முடைய புல்லியில் பொருத்தும் வழி மட்டுமே இருந்தது.

ஹவுசிங்கையே மாற்றி, இரண்டாகப் பிளக்கும் பிளம்மர் பிளாக் இரண்டு வைக்கலாம் என்றும் பேசினோம். மேல் பாதியைத் தூக்கினாலே பேரிங் கையில் வரும் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் பெட்டை மாற்ற வேண்டும், இரண்டு தனித்தனி ஹவுசிங்குகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்த வேண்டும். ஒரே வார்ப்பு ஹவுசிங்கில் இரண்டு துளைகளும் சேர்ந்தே கடையப்பட்டதால் அந்தத் தொல்லை இல்லை. அதை இழக்க மனமில்லாமல் ஹவுசிங்கை வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றினோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

புல்லிக்கு மீண்டும் டேப்பர் புஷ்ஷையே தேர்ந்தெடுத்தோம். முன்பு நழுவிய அதே முறைக்கு ஏன் திரும்ப வேண்டும் என்று பொறுப்பாளர் கேட்டார், நியாயமான கேள்வி. பழைய குறிப்பேட்டில் அந்த முறை மாட்டியபோது புஷ்ஷின் சரிவில் கிரீஸ் தடவியதாக எழுதியிருந்தது. ஓட்டிப் பார்த்த பிறகு மறுபடி இறுக்கியதாகக் குறிப்பு இல்லை. டேப்பர் புஷ்ஷின் சரிவும் துளையும் எண்ணெய்ப் பசையில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். கிரீஸ் இருந்தால் பிடி குறையலாம், அல்லது அதே இறுக்கத்தில் புஷ் அளவுக்கு மீறி உள்ளே ஏறி ஹப்பையே வெடிக்க வைக்கலாம். நழுவியதற்கு முறையைக் குறை சொல்ல முடியாது, பொருத்திய விதமே காரணம்.

இந்தப் புஷ்ஷின் அமைப்பை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்தால் மறக்காது. ஹப்பும் புஷ்ஷும் சேரும் கோட்டில் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரு பாதியில் மட்டுமே மரை. இறுக்கும் துளைகளில் மரை ஹப் பக்கம். ஸ்க்ரூவைத் திருகினால் புஷ் உள்ளே இழுபடும், பிளவு மூடி ஷாஃப்ட்டைக் கவ்வும். கழற்றும் துளையில் மரை புஷ் பக்கம். இறுக்கிய அதே ஸ்க்ரூ ஒன்றை எடுத்து இங்கே போட்டுத் திருகினால் அது ஹப்பில் முட்டி, புஷ்ஷை வெளியே தள்ளும். தனிக் கருவி எதுவும் வேண்டாம், ஓர் ஆலன் கீ போதும். துருப் பிடித்தாலும் புஷ் தன் பிளவால் திறந்து விடும்.

புது ஷாஃப்ட்டில் பேரிங்குக்கான தோளை 62 மி.மீ. ஆக்கினோம். உள்வளையத்தைச் சுற்றி ஏறத்தாழ 3 மி.மீ. விளிம்பு புல்லர் காலுக்குக் கிடைத்தது. பேரிங் உட்காரும் இடத்தின் இறுக்கம் கே6 என்ற தர அளவு. 50 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு அது 2 முதல் 18 மைக்ரான் வரை கூடுதல். பேரிங் துளை 12 மைக்ரான் வரை குறைவாக இருக்கலாம் என்பதால் மொத்த இறுக்கம் அதிகபட்சம் 30 மைக்ரான். சர்க்ளிப் (பேரிங்கை நகராமல் நிறுத்தும் வளையம்) உட்காரும் காடியைத் தாண்டியதும் விட்டத்தை 49.5 மி.மீ. ஆகக் குறைத்தோம். இப்போது பேரிங் தன் அகலம் அளவுக்கு நகர்ந்தாலே இறுக்கம் விட்டுவிடும், பிறகு கையாலேயே உருவலாம். ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் நடுவே மரைத் துளை இட்டோம்.

கவர்களில் எதிரெதிராக இரண்டு எம்8 மரைத் துளைகள், தள்ளு போல்ட்டுக்காக. எம்8 அளவில் 8.8 தர போல்ட் ஒன்றை 25 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் ஒன்றரை டன்னுக்கு மேல் தள்ளு விசை கிடைக்கும். உளியும் சுத்தியலும் கொடுக்கும் எந்த அடியையும்விட இது அமைதியானது, நேரானது. இதில் இரண்டு விஷயத்தில் கவனமாக இருந்தோம். தள்ளு துளைக்கு எதிரே ஹவுசிங்கின் முகத்தில் துளை எதுவும் வராமல், போல்ட் முட்ட கெட்டியான இடம் இருக்க வேண்டும். அப்புறம், சும்மா இருக்கும் துளையில் துருவும் தூளும் சேர்ந்துவிடும் என்பதால், கிரீஸ் நிரப்பிக் குட்டையான கிரப் ஸ்க்ரூவால் மூடி வைத்தோம். தேவைப்படும் நாளில் மரை சுத்தமாக இல்லாவிட்டால் துளை இருந்தும் பயனில்லை.

டவல் பின்களுக்கு உள்ளே மரை வெட்டிய வகை, ஐ.எஸ்.ஓ. 8735. 10 மி.மீ. பின்னில் எம்6 மரை இருக்கும். ஒரு போல்ட்டும் குழாய்த் துண்டும் வாஷரும் வைத்து மேலே இழுத்துவிடலாம். அடிமூடிய துளையில் வழுவழுப்பான பின்னைப் போடுவதற்கு இனி எந்தக் காரணமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கார்டின் பற்றவைத்த சட்டத்தை வெட்டி, போல்ட் போட்டுக் கழற்றும்படி ஆக்கினோம். டார்ச்சோ புல்லரோ வைக்க இடமில்லாமல் போனதற்கு அந்தச் சட்டம்தான் காரணம். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளுக்குப் பிடிப்புத் தடுப்புப் பசை தடவி, கையால் மட்டும் இறுக்குவது என்று முடிவு. பசை இருந்தால் உராய்வு குறையும் என்பதால், வழக்கமான முறுக்கு அளவையும் குறைத்து எழுதிக் கொடுத்தோம்.

எல்லாவற்றையும் கழற்றும்படி ஆக்கவில்லை. ஹவுசிங்குக்குள் கிரீஸைத் திருப்பும் தகடு பற்றவைத்தபடியே இருக்கட்டும் என்று விட்டோம். அது தேயும் பாகமல்ல. கழலும் இணைப்பு ஒவ்வொன்றும், தானாகத் தளரக்கூடிய இணைப்பும்தான். சுழலும் இயந்திரத்துக்குள் ஒரு ஸ்க்ரூ கழன்று விழுவது, தகட்டை மாற்ற முடியாமல் போவதைவிட மோசம்.

பொருத்திய விதம்

பேரிங்குகளை இண்டக்ஷன் ஹீட்டரில் 110 டிகிரிக்கு மிகாமல் சூடாக்கினோம். அறை வெப்பத்திலிருந்து 80 டிகிரி உயர்ந்தாலே 50 மி.மீ. துளை ஏறத்தாழ 45 மைக்ரான் விரியும். அதிகபட்ச இறுக்கமான 30-ஐ அது தாண்டிவிடுவதால், சுத்தியல் தொடாமல் பேரிங் வழுக்கி உட்கார்ந்தது. ஆறும்வரை தோளோடு சேர்த்து அழுத்திப் பிடித்தோம். இல்லாவிட்டால் ஆறும்போது அகலத்திலும் சுருங்கி இடைவெளி விழும்.

டேப்பர் புஷ்ஷை உலரத் துடைத்து மாட்டி, 2517 அளவு புஷ்ஷுக்கு உரிய சுமார் 50 நியூட்டன் மீட்டருக்கு மாறி மாறி இறுக்கினோம். மரக்கட்டை வைத்து லேசாகத் தட்டி மறுபடி இறுக்கினோம். விசிறியைச் சற்று நேரம் ஓட்டி நிறுத்திச் சோதித்தபோது ஸ்க்ரூக்கள் இன்னும் கொஞ்சம் திரும்பின. முந்தைய தடவை விட்டுப்போன படி இதுதான்.

கழற்றும் வரிசையைப் படத்தோடு ஒரு தகட்டில் பொறித்து கார்டின் உட்புறம் பொருத்தினோம். எந்தத் துளை இழுக்க, எந்தத் துளை தள்ள, என்ன அளவு போல்ட் என்பது அதில் இருக்கிறது. அலுவலகக் கோப்பில் இருக்கும் படம், இரவு ஷிஃப்டில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருக்கும் ஃபிட்டருக்கு உதவாது.

பிறகு நடந்தது

அடுத்த திட்டமிட்ட நிறுத்தத்தில் பேரிங்குகளைத் திறந்து பார்ப்பது என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். முதல் முறை வேலை செய்தவர்களில் சிலர் அப்போது இல்லை. புதிதாக வந்தவர்கள் தகட்டைப் பார்த்தே செய்தார்கள். புஷ் தள்ளு ஸ்க்ரூவால் வெளியே வந்தது. கவர்கள் இரண்டும் சமமாக எழும்பின. பேரிங்குகள் உள்வளையத்தில் பிடித்து இழுக்கப்பட்டன. வேலை ஒரே ஷிஃப்டில் முடிந்தது, ஷாஃப்ட்டில் புதுக் கீறல் எதுவும் இல்லை.

இந்த முறை ஓடுபாதையையும் படிக்க முடிந்தது. புல்லிப் பக்கத்து பேரிங்கில், பெல்ட் இழுக்கும் திசைக்கு ஏற்ற இடத்தில் சுமைத் தடம் வழக்கத்தைவிட அழுத்தமாக இருந்தது. பெல்ட்டுகளைத் தேவைக்கு மேல் இறுக்குகிறார்கள் என்பதற்கான அடையாளம் அது. அளந்து பார்த்தபோது அப்படியே இருந்தது, இறுக்கத்தைச் சரிசெய்தார்கள். முதல் பேரிங் கெட்டதற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம். அந்த பேரிங்கின் தடயம் அழிந்துவிட்டதால் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

எல்லாம் நினைத்தபடி நடந்துவிடவில்லை. ஒரு தள்ளு துளையின் மூடியின் மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள், சுரண்டித்தான் கண்டுபிடித்தார்கள். புஷ் ஸ்க்ரூக்களின் ஆலன் குழிகளில் உலர்ந்த தூள் கல்லாக இறுகியிருந்தது. சுத்தம் செய்யாமல் ஆலன் கீயைத் திணித்திருந்தால் குழியின் மூலைகள் உருண்டிருக்கும். கார்டில் இரண்டு ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள் மறுபடி பிடித்துக்கொண்டிருந்தன. இடையில் யாரோ பசை தடவாமல் இம்பாக்ட் ரெஞ்சால் ஏற்றியிருக்கிறார்கள்.

இன்னொரு முறை செய்தால்

புஷ் ஸ்க்ரூக் குழிகளை மாட்டிய உடனே கிரீஸால் நிரப்பி மூடுவேன். தள்ளு துளை மூடிகளுக்குப் பெயின்ட் ஒட்டாத பிளாஸ்டிக் தொப்பி போடச் சொல்வேன். கார்டுக்குத் தனித்தனி நட்டுகளுக்குப் பதில், கால் சுற்றில் திறக்கும் பூட்டுகளைத் தேர்ந்தெடுப்பேன். அடிக்கடி திறக்கும் இடத்தில் மரையே வேண்டாம்.

பெரிய மாற்றம் கொள்முதலில் வர வேண்டும். தேயும் பாகம் உள்ள எந்த இயந்திரத்துக்கும் ஆர்டர் கொடுக்கும்போது, பொருத்திய நிலையின் படத்தோடு கழற்றும் படமும் கேட்க வேண்டும். விசை எங்கே பிடித்து எங்கே முட்டும், அந்த வழியில் பந்தோ மெல்லிய விளிம்போ குறுக்கே வருகிறதா, கருவியை நுழைத்துத் திருப்ப எவ்வளவு இடம் இருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரிய வேண்டும். தவிர, பட்டறையில் செய்யும் மாற்றுப் பாகத்தை இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன் மேஜைமேல் ஒருமுறை மாட்டிக் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். ஒரே துண்டாகக் கடைந்த அந்தப் புல்லி இந்தச் சோதனையில் தேறியிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். புதிதாக இருந்தபோது அது கையாலேயே வந்திருக்கும். அதனால் சோதனையோடு, ஈரத்திலும் தூளிலும் ஆண்டுக்கணக்கில் ஓடிய பிறகு இந்த இணைப்புக்குள் என்ன சேரும் என்ற கேள்வியும் எழுத்தில் பதிலோடு இருக்க வேண்டும்.

இதே பிரிவில் இதே அமைப்புள்ள வேறு விசிறிகளும் ஓடுகின்றன. அவற்றின் ஷாஃப்ட்டை இப்போதே மாற்றத் தேவையில்லை என்று முடிவாகியிருக்கிறது. ஒரே துண்டாகக் கடைந்த புல்லிகளை மட்டும், பேரிங் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, நெருக்கடி இல்லாத நிறுத்தங்களில் ஒவ்வொன்றாகக் கழற்றி டேப்பர் புஷ்ஷுக்கு மாற்றி வருகிறார்கள். வராத புல்லியை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றால், கடைந்த ஷாஃப்ட் ஒன்று கையிருப்பில் வந்து சேர்ந்த பிறகே கிரைண்டரை எடுப்பது என்பது இப்போது அவர்களுடைய விதி.